சில்லின் ஓரத்தில் இரண்டு எழுத்து

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சலவை யந்திரம் திடீரென்று மௌன விரதம் பூண்டுவிட்டது. துணிகளை வாங்கிக் கொண்டது. தண்ணீரையும் வயிறு நிறையக் குடித்தது. அப்புறம், எதையோ மறந்துவிட்டு ஞாபகப்படுத்திக் கொள்கிறவரைப் போல் சும்மா நின்றது. என் மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "கதை எழுதுகிறவருக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடவுமா தெரியாது?" என்று கேட்டாள். கூப்பிட்டேன்.

வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல் இராது. பின்பக்கத்தைக் கழற்றினான். தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். ஒரு பச்சை அட்டையை உருவி எடுத்து என் கையில் கொடுத்தான்.

"மோட்டார் நல்லா இருக்கு சார். போர்டுதான் போயிருக்கு. இதோ பாருங்க, இதுதான் மூளை. எப்போ தண்ணி விடணும், எப்போ சுத்தணும், எல்லாம் இதுக்குள்ளே எழுதி வச்சிருக்கு."

அவன் விரல் காட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்புப் பூச்சி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"யார் தம்பி எழுதினது?" என்றேன்.

பையன் சிரித்தான். "கம்பெனிக்காரங்க சார்."

நியாயமான பதில்தான். ஆனால் எழுத்துத் தொழில் செய்கிறவனுக்கு அது போதாது. எழுதியது யார் என்று அட்டையில் போடாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை. இந்தக் கறுப்புப் பூச்சியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கல்லூரியில் நான் பௌதிகம் படித்தது இரண்டே வருஷம்; அதுவும் பரீட்சைக்காக. ஆகவே இந்த விஷயத்தில் புரிந்ததைத்தான் சொல்கிறேன். புரிந்த மட்டில், இது விஞ்ஞானக் கதை என்பதைக் காட்டிலும் ஒரு பாகப்பிரிவினைக் கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1969-ஆம் வருஷம். ஜப்பானில் பிஸிகாம் என்று ஒரு கம்பெனி. கணக்கு யந்திரங்கள் செய்து விற்பது அதன் தொழில். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் யந்திரம் அல்ல; மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கூட்டல் கழித்தலைக் காகிதச் சுருளில் அச்சடித்துத் தரும் யந்திரம். அதற்கு வேண்டிய சில்லுகளைச் செய்து தரும்படி அமெரிக்காவில் இன்டெல் என்ற புதிய கம்பெனியைக் கேட்டார்கள்.

சில்லு என்றதும் பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டுச் சில்லு ஞாபகம் வருகிறதல்லவா? வரட்டும், தவறில்லை. இதுவும் உடைந்த ஓட்டைப் போல ஒரு துண்டுதான்; மண்ணிலிருந்து எடுத்த சிலிக்கன் துண்டு. அதன் மேல் ஆயிரக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களை, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தில், படலம் படலமாகப் பதித்திருப்பார்கள்.

ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் இன்டெல்லை ஆரம்பித்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கலிபோர்னியாவில் மௌண்டன் வியூ என்ற ஊரில் இருந்தார்கள். கம்ப்யூட்டர்களுக்கு ஞாபகச் சில்லு செய்து கொடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. கணக்கு யந்திர வேலை நடுவில் வந்த ஒரு கிராக்கி. பணம் தேவைப்படுகிற புதுக் கம்பெனி, வந்த கிராக்கியை வேண்டாம் என்று சொல்லுமா?

1969 ஜூனில் பிஸிகாமிலிருந்து எஞ்சினீயர்கள் மூன்று பேர் கலிபோர்னியாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மஸதோஷி ஷிமா. வயசு இருபத்தாறுக்குள். அவர் படித்தது ரசாயனம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கணக்கு யந்திரக் கம்பெனியில் சேர்ந்தவர். இந்த ஒரு தகவலைப் படித்ததுமே எனக்கு அவர் பேரில் வாஞ்சை பிறந்துவிட்டது. நம் ஊரில் இப்படி எத்தனை பேர்!

ஷிமா கொண்டு வந்த திட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சில்லுகள். ஒன்று விசைப் பலகையைக் கவனிக்கும், ஒன்று அச்சடிக்கும், ஒன்று எண்ணைக் காட்டும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் டிரான்ஸிஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது கால்கள் வரை. இன்டெல்லுக்கோ பதினாறு கால் சில்லுகளில்தான் பழக்கம். இத்தனை சில்லுகளையும் வரைந்து முடிக்க அங்கே போதிய ஆட்களும் இல்லை.

டெட் ஹாஃப் என்பவர் இன்டெல்லின் பன்னிரண்டாவது ஊழியர். ஸ்டான்போர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஜப்பானியரின் படங்களை அவர் புரட்டிப் பார்த்தார். தம் அறையில் இருந்த சிறிய கம்ப்யூட்டரையும் பார்த்தார். கம்ப்யூட்டரின் உள் அமைப்பு எளிதாக இருக்கிறது. அதைவிட எவ்வளவோ சின்ன வேலை செய்கிற கணக்கு யந்திரம் இவ்வளவு சிக்கலாக இருக்கிறதே, ஏன் என்று யோசித்தார்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். லட்டு பிடிக்க ஒருவர், வடை தட்ட ஒருவர், பாயசத்துக்கு ஒருவர் என்று அமர்த்துவது ஒரு வழி. அதது அவரவருக்குக் கைவந்த கலை. ஆனால் வடைக்காரரிடம் பாயசத்தைப் பற்றிப் பேச முடியாது. இது ஷிமாவின் திட்டம். இன்னொரு வழி உண்டு. நறுக்க, கிளற, கழுவ மட்டுமே தெரிந்த ஒரே ஓர் ஆளை அமர்த்தி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடிக்கு அடி செய்முறையை எழிதிக் கொடுத்துவிடுவது. ஆள் சாமர்த்தியசாலி அல்ல. ஆனால் களைப்படைய மாட்டார். எழுதியதை எழுதியபடியே செய்வார். நோட்டுப் புத்தகத்தை மாற்றினால் வேறு விருந்தே சமைத்து வைப்பார். இது ஹாஃபின் யோசனை. பத்துப் பன்னிரண்டு சில்லுகளுக்குப் பதில் நாலே ரகம்: நோட்டுப் புத்தகம் 4001, கைக்கணக்குச் சிலேட்டு 4002, வெளிவேலைக்கு 4003, சமையல்காரர் 4004. பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஓர் இலக்கத்தைக் குறிக்க நாலு 'பிட்' போதும். ஆகவே சமையல்காரர் ஒரு தடவைக்கு நாலு பிட்தான் கையில் எடுப்பார்.

ஜப்பானியருக்கு முதலில் இது ரசிக்கவில்லை. தாங்கள் உழைத்துத் தயாரித்த திட்டத்தை ஒதுக்கிவிட்டு, அந்நியர் ஒருவர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவதை ஏற்பது யாருக்குத்தான் ரசிக்கும்? ஷிமாவின் கேள்விகள் கூர்மையானவை. விசையை அழுத்தினால் அச்சு யந்திரம் எப்படி நேரத்துக்கு அடிக்கும், குறியை எங்கே வைப்பது என்று அவர் கேட்கக் கேட்கத்தான், ஹாஃபும் அவருக்கு உதவியாக வந்த ஸ்டான்லி மேஸரும் தங்கள் யோசனைக்குக் கை கால் வைத்தார்கள். கடைசியில் பிஸிகாம் ஒப்புக்கொண்டது. 1970 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தயாரிப்புச் செலவுக்கு 60,000 டாலர் பிஸிகாம் கொடுக்கும். சில்லுகள் பிஸிகாமுக்கு மட்டுமே உரியவை. வேறு யாருக்கும் இன்டெல் விற்கக் கூடாது. இந்த ஷரத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்தது எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கதையின் கரு கிடைத்தது, எல்லாரும் பாராட்டினார்கள், ஒருவரும் எழுதவில்லை! ஹாஃப் சில்லு வரைகிறவர் அல்ல. வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். மாதங்கள் ஓடின. 1970 ஏப்ரலில் ஃபெடரிகோ ஃபாஜின் என்ற இத்தாலியர் இன்டெல்லில் சேர்ந்தார். இந்த வேலை அவர் தலையில் வைக்கப்பட்டது. அவர் சேர்ந்து சில தினங்கள்கூட ஆகவில்லை, வரைபடங்களைச் சரிபார்ப்பதற்காக ஷிமா ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தார். சரிபார்க்க அங்கே என்ன இருந்தது? போன வருஷம் பார்த்த அதே யோசனை, அதே காகிதம்.

ஷிமாவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. பணம் கொடுத்தவரின் பிரதிநிதி அவர். ஊரில் மேலதிகாரிகள் காத்திருக்கிறார்கள். எதிரே நிற்கும் ஃபாஜினுக்கோ ஆபீஸில் தம் நாற்காலி எது என்றுகூட இன்னும் சரியாகத் தெரியாது. இருந்தாலும் திட்டு அவருக்குத்தான் கிடைத்தது. ஒப்புக்கொண்ட தேதியைக் கணக்கிட்டால், வேலை ஆரம்பிக்கும் முன்பே பல மாதம் பிந்தியாகிவிட்டது.

இந்த ஃபாஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட இத்தாலியில் விசென்ஸா நகரத்துக்காரர், 1941-ல் பிறந்தவர். தகப்பனார் தத்துவ சாஸ்திரத்தின் சரித்திரம் எழுதியவர். பிளாட்டினஸின் நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்தவர். மகனுக்கோ யந்திரங்கள் மேல் மோகம். பத்தொன்பது வயசிலேயே ஒலிவெட்டி கம்பெனியில் ஒரு சிறு கம்ப்யூட்டர் கட்டினார். பிறகு படுவா சர்வகலாசாலையில் பௌதிகம் படித்தார். அமெரிக்கா வந்த புதிதில், 1968-ல், சிலிக்கனையே கதவாக வைத்து டிரான்ஸிஸ்டர் செய்யும் ஒரு முறையை ஃபேர்சைல்டு கம்பெனியில் உருவாக்கினார். சில்லு வேகமாக ஓடவும், அதே இடத்தில் அதிக டிரான்ஸிஸ்டர் கொள்ளவும் அந்த முறைதான் வழி செய்தது. அது இல்லாவிட்டால் சமையல்காரர் ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்க மாட்டார்.

ஃபாஜின் உதவிக்கு எஞ்சினீயர் கேட்டார், கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு நின்ற ஷிமாதான் எதிரே இருந்தார். சரிபார்க்க வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூட உட்கார்ந்து வரையத் தொடங்கினார். வீட்டைப் பார்வையிட வந்த சொந்தக்காரர், கொத்தனாருக்குச் சித்தாள் இல்லை என்று கண்டதும் தாமே கலவைச் சட்டியைத் தூக்கியது போல. சுமார் ஆறு மாதம் ஷிமா அங்கேயே தங்கி வேலை செய்தார். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யோசனை பிறந்த கணத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். கோபம் வேலையாக மாறிய இந்தக் கணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சில்லு வரைவது அந்த நாளில் கைவேலை. பெரிய மேஜையில் ஒளிபுகும் தாளை விரித்து, சில்லின் உருவத்தைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, சிவப்புப் படலத்தில் கத்தியால் வெட்டி உரிப்பார்கள். ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு தாள். ஒரு கோடு அரை அங்குலம் நகர்ந்தால் யந்திரமே குட்டிச்சுவர். 2,300 டிரான்ஸிஸ்டர்களுக்கும் இப்படியே வெட்டி, கண்ணாலே பார்த்துச் சரி செய்தார்கள். முடிந்த சில்லின் நீளம் நாலு மில்லி மீட்டர், அகலம் மூன்று. கால்கள் பதினாறே. அத்தனை குறைந்த கால்களில் விலாசமும் விடையும் போய் வர வழி ஏது? ஒற்றையடிப் பாதையில் கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி, பன்னிரண்டு பிட் விலாசத்தை நாலு நாலாகப் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பினார்கள்.

மற்ற மூன்று ரகச் சில்லுகளும் ஒவ்வொன்றாக வெந்து வெளிவந்து, சொன்னபடி கேட்டன. கடைசியாக 1970 டிசம்பர் இறுதியில் 4004 வந்தது. ஃபாஜின் நடுங்கும் கையோடு பரிசோதித்தார். ஒன்றுகூட அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது — எல்லாம் பிணம். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. தொழிற்சாலையில் ஒரு படலத்தையே போட மறந்துவிட்டார்கள்! அச்சாபீஸில் ஒரு ஃபாரத்தை விட்டுவிட்டுப் புத்தகம் கட்டினதைப் பார்த்தவர்களுக்கு அந்த மனுஷரின் நிலைமை விளங்கும். தம் எழுத்தில் பிழையில்லை என்ற ஆறுதல் ஒரு பக்கம். புத்தகத்தை மறுபடி அச்சடிக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமே என்ற வேதனை ஒரு பக்கம்.

1971 ஜனவரியில் புதிய சில்லுகள் வந்தன. மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற சாயங்கால வேளை. ஃபாஜின் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகச் சோதித்தார். ஒன்று வேலை செய்தது. அடுத்ததும் செய்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் வீட்டுக்குப் போனார். மனைவி எல்வியா தூங்காமல் காத்திருந்தாள். சில்லறைப் பிழைகள் இரண்டொன்று திருத்த வேண்டியிருந்தன. அவற்றையும் திருத்தி, மார்ச் மாதத்தில் சில்லுகள் ஜப்பானுக்குப் போயின. ஷிமா எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் படித்து, பிஸிகாமின் யந்திரம் கணக்குப் போட்டது.

அந்தச் சில்லின் ஓரத்தில் ஃபாஜின் ஒரு காரியம் செய்திருந்தார். தம் பெயரின் முதல் எழுத்துக்கள் இரண்டையும், 'எஃப்.எஃப்.' என்று, உலோகக் கோடுகளோடு கோடாகப் பொறித்துவிட்டார். சிற்பி தூணின் அடியில் தன் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. அன்றைக்கு அது வெறும் ஆசை. பிற்பாடுதான் அது சாட்சியாயிற்று.

இப்போது அந்த ஷரத்துக்கு வருவோம். 1971-ல் கணக்கு யந்திர வியாபாரத்தில் போட்டி கழுத்தை நெரித்தது. பிஸிகாமுக்குப் பண நெருக்கடி. சில்லுகளின் விலையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார்கள். இந்தச் சில்லு கணக்கு யந்திரத்தோடு நின்றுவிடக் கூடியதல்ல என்று ஃபாஜினுக்குத் தெரியும். 4004-ஐப் பரிசோதிக்கும் யந்திரத்தையே ஒரு 4004-ஐ வைத்து நடத்திக் காட்டியவர் அவர். நாய்ஸிடம் போய், விலையைக் குறைத்துக் கொடுங்கள், பதிலுக்கு மற்றவர்களுக்கு விற்கும் உரிமையை வாங்குங்கள் என்று வற்புறுத்தினார். ஹாஃபும் அதே அபிப்பிராயம்தான். நாய்ஸ் பேரம் பேசினார். கணக்கு யந்திரம் தவிர மற்ற எல்லா உபயோகத்துக்கும் விற்கலாம் என்று பிஸிகாம் விட்டுக் கொடுத்தது.

கொஞ்சம் விலைக் குறைப்புக்காக ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எதை என்று இன்று நமக்குத் தெரிகிறது. அன்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவசரத்துக்கு விற்ற கொல்லைப்புறத்தில் பிற்பாடு ரயில் நிலையம் வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 1971 நவம்பர் 15-ஆம் தேதிப் பத்திரிகையில் இன்டெல் 4004-ஐ ஊரறிய விளம்பரம் செய்தது. 1974-ல் பிஸிகாம் திவாலாயிற்று.

இதுதான் உலகத்தின் முதல் மைக்ரோபிராஸஸரா? சண்டை உண்டு. எஃப்-14 என்ற அமெரிக்கக் கடற்படை விமானத்துக்காக 1968 முதல் 1970 வரை ரே ஹோல்ட் முதலியவர்கள் இதை ஒத்த சில்லுத் தொகுதி ஒன்றைச் செய்தார்கள். ராணுவ ரகசியம் என்று 1998 வரை அவர்களை வாயைத் திறக்க விடவில்லை. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியும் 1971-ல் ஒன்று செய்தது. அது விற்பனைக்கு வரவில்லை. கடைக்கு வந்து, யாரும் காசு கொடுத்து வாங்கும்படி இருந்த முதல் சில்லு 4004 என்று சொன்னால் பெரும்பாலோர் சண்டைக்கு வர மாட்டார்கள்.

எங்கள் சலவை யந்திரத்துப் பூச்சிக்கு இது பாட்டன் முறை. 4004 தனியாகப் பிழைக்காது; நோட்டுப் புத்தகமும் சிலேட்டும் தனித்தனிச் சில்லுகளாகக் கூடவே வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சில்லில் குடிவைத்தவர்கள் டெக்ஸஸ் கம்பெனியின் கேரி பூனும் மைக்கேல் காக்ரனும். அவர்கள் வழியில் வந்த டி.எம்.எஸ். 1000 என்ற சில்லு 1974-ல் கடைக்கு வந்தது. அந்த ஜாதிக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். இன்டெல் 1976-ல் 8048 செய்தது, ஐ.பி.எம்.மின் 1981-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டரில் விசைப் பலகைக்குள் உட்கார்ந்திருந்தது அதுதான். 1980-ல் வந்த 8051-இன் அமைப்பை இன்றும் பல கம்பெனிகள் சில்லாக அடித்து விற்கின்றன.

ஃபாஜின் 1972-ல் ஷிமாவை இன்டெல்லுக்கே அழைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து செய்த 8080, 1974-ல் வந்து சக்கைப் போடு போட்டது. அந்த வருஷக் கடைசியில் ஃபாஜின் விலகி ஸைலாக் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஷிமாவும் பின்னாலேயே போனார். அங்கே செய்த இஸட்-80, 1976 முதல் 2024 வரை விற்பனையில் இருந்தது. அந்தச் சில்லில் ஷிமா சில பொறிகளை வைத்தார். பார்வைக்கு ஒரு மாதிரி, வேலையில் வேறு மாதிரி டிரான்ஸிஸ்டர்கள். காப்பியடிப்பவன் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைந்தால் மாட்டிக்கொள்வான். ரசாயனம் படித்த சாது மனுஷருக்குள் இவ்வளவு குறும்பு!

போட்டிக் கம்பெனி வைத்தவரின் புகழை முன்னாள் முதலாளி பாடுவாரா? அதன் பிறகு பல வருஷங்கள், இன்டெல் சொன்ன கதையில் ஹாஃபின் பெயர் பெரிதாயிற்று. ஃபாஜினின் பெயர் மங்கிற்று. ஹாஃப் பொய்யர் அல்ல. கரு அவருடையதுதான். ஆனால் கருவைச் சொன்னவர் பெயரை மட்டும் அட்டையில் போட்டு, அறுநூறு பக்கம் எழுதினவர் பெயரை விட்டுவிட்டால், எழுதினவரின் வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படியிருக்கும்? அந்த ஜனவரி இரவு விழித்திருந்த எல்வியாதான் இதைச் சும்மா விடவில்லை. கடிதங்கள் எழுதினாள், தகவல் திரட்டினாள், கணவரின் பங்கை வருஷக் கணக்கில் எடுத்துச் சொன்னாள். சில்லின் ஓரத்து இரண்டு எழுத்தை யாரும் அழிக்க முடியவில்லை. அழித்தால் சில்லு சில்லாக இராது.

1997-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு ஃபாஜின், ஹாஃப், மேஸர், ஷிமா நால்வருக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டது. அமெரிக்க அரசின் 2009-ஆம் வருஷத் தொழில்நுட்பப் பதக்கம் மூவருக்கு மட்டும் வந்தது. ஷிமா அதில் இல்லை. நாலு பேர் கட்டிய வீட்டுக்கு மூன்று பேரைக் கூப்பிட்டுக் கிரகப்பிரவேசம் செய்வது என் மனசுக்குச் சம்மதமாயில்லை. கணக்கு யந்திரம் எப்படி நடக்க வேண்டும் என்று அந்த நால்வரில் முழுக்கத் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தானே?

பிஸிகாமின் தலைவர் அந்தக் கணக்கு யந்திரத்தின் மாதிரி ஒன்றை ஃபாஜினுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். கம்பெனி மறைந்து வெகு காலத்துக்குப் பிறகு ஃபாஜின் அதைக் கம்ப்யூட்டர் சரித்திரப் பொருட்காட்சிக்கு அளித்துவிட்டார். அந்தக் காட்சிசாலை இருப்பது மௌண்டன் வியூவில். ஷிமா கோபத்தோடு வந்து இறங்கிய அதே ஊரில்.